கோவில்பட்டி கரிசல் பகுதியில் அயல்நாட்டு மறைப்பணியாளர் வாழ்க்கை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள மானாவாரிக் கரிசல் நிலப்பகுதியில் 17 ஆம் நூற்றாண்டு முதல் 20 ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியக் கிறித்தவ மறைப்பணியாளர் பலர் வாழ்ந்து பணியாற்றினர். போர்த்துகல், இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த இவர்கள் வறண்ட நிலத்து ஏழை மக்களிடையே எவ்வாறு உண்டனர், உறைந்தனர், பயணம் செய்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. அவர்கள் தேர்ந்துகொண்ட அன்றாட வாழ்க்கை முறையே எந்த மக்கள் அவர்களை அணுக முடியும் என்பதையும் பெருமளவு முடிவு செய்தது.

நிலமும் மக்களும்

இப்பகுதியின் மண் ஈரத்தைத் தேக்கி வைக்கும் கரிசல் மண் ஆகும். பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மிளகாய், கொத்தமல்லி முதலியன இங்கு விளைகின்றன. ஆற்றுப் பாசனம் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழையை நம்பியே வேளாண்மை நடைபெறுகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்தால் விளைச்சல் உண்டு. பொய்த்தால் அடுத்த ஆண்டு வரை வறுமையே. குடிநீர் ஊருணிகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் பெறப்பட்டது.

பயணம் செய்வோருக்கு இந்நிலம் இரு வகையில் இடர் தந்தது. கோடையில் மண் வெடித்துப் பிளந்து, நிழல் தரும் மரங்கள் அரிதாகி, வெப்பம் கடுமையாகும். ஆனி, ஆடி மாதங்களில் மேலைக்காற்று புழுதியை வாரி வீசும். மழைக்காலத்தில் அதே மண் களியாக மாறி, வண்டிச் சக்கரங்கள் அச்சு வரை புதையும்.

கோவில்பட்டி அக்காலத்தில் எட்டயபுரம் பாளையத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. 1876 இல் மதுரை - தூத்துக்குடி இருப்புப்பாதை அமைக்கப்பட்ட பின்னரே அது வணிக நகரமாக வளரத் தொடங்கியது. நாயக்கர், ரெட்டியார், தேவர், நாடார், பள்ளர், பறையர், அருந்ததியர் முதலிய சமூகத்தினர் இங்கு வாழ்கின்றனர். ஊரும் சேரியும் தனித்தனியே அமைந்திருந்தன. இப்பிரிவினை மறைப்பணியாளர் அனைவருக்கும் முதல் சிக்கலாக அமைந்தது.

பண்டாரசாமிகள்

மதுரை மறைப்பணி

இராபர்ட் தெ நோபிலி 1606 இல் மதுரைக்கு வந்து இயேசு சபையின் மதுரை மறைப்பணியைத் தொடங்கினார். புலால் விலக்கி, காவி உடுத்தி, நாளுக்கு ஒரு முறை மட்டும் சோறும் காய்கறியும் உண்டு, துறவியரைப் போல வாழும் முறையை அவர் மேற்கொண்டார். இம்முறையால் உயர்சாதியினர் அவரை அணுகினர். எனினும் தாழ்த்தப்பட்ட மக்களுடன் அவர் வெளிப்படையாகப் பழக இயலவில்லை.

இக்குறையைப் போக்கும் பொருட்டு 1640 முதல் 'பண்டாரசாமி' என்னும் முறை கையாளப்பட்டது. பல்தசார் தா கோஸ்தா என்னும் போர்த்துக்கீசியக் குரு இதனைத் தொடங்கினார். சைவப் பண்டாரங்களைப் போன்று வாழ்ந்த இக்குருக்கள் உயர்சாதியினரின் மதிப்பை முற்றும் இழக்காமல் ஏழை மக்களையும் சந்திக்க முடிந்தது. மண் சுவரும் கூரையும் கொண்ட குடிசையே அவர்களது உறைவிடம். தரையில் விரித்த பாயிலோ தோலிலோ உறங்கினர். ஊர் விட்டு ஊர் செல்லுதல் பெரும்பாலும் கால்நடையாகவே நிகழ்ந்தது.

ஒரு குருவின் பொறுப்பில் பரந்த நிலப்பகுதி இருந்தமையால், ஒரு கிராமத்தினர் அவரை ஆண்டிற்குச் சில முறையே காண முடிந்தது. ஆகவே அவர் வரும் நாள்கள் ஓய்வற்றவை. திருவிழாக் காலங்களில் பாவமன்னிப்புக் கேட்போரின் வரிசை இரவிலும் நீளும். திருமுழுக்கு, திருமணம், வழக்குத் தீர்த்தல், நோயாளியைக் காணல் ஆகிய அனைத்தும் அச்சில நாள்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். மற்ற நாள்களில் மக்களுக்குச் செபங்களைக் கற்பித்தோரும், இறப்போருக்குத் துணை நின்றோரும் உள்ளூர் உபதேசியார்களே ஆவர்.

காமநாயக்கன்பட்டியும் வீரமாமுனிவரும்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, கரிசல் பகுதியில் இயேசு சபையினரின் முதன்மை நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. எட்டயபுரம் பாளையக்காரரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த இவ்வூரில் பரலோக மாதா திருத்தலம் அமைந்துள்ளது. ஆகஸ்டு 15 ஆம் நாள் இங்கு நடைபெறும் விண்ணேற்பு விழாவில் பல சமயத்தவரும் கலந்துகொள்கின்றனர்.

வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680 - 1747) தமிழகத்தில் தமது பணியின் தொடக்க ஆண்டுகளில் இவ்வூரில் பணியாற்றினார். இத்தாலியில் பிறந்த இவர் 1710 இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணிக்கும் வந்து சேர்ந்தார். 1714 - 15 காலப்பகுதியில் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். பிற்காலத்தில் தேம்பாவணி, சதுரகராதி முதலிய நூல்களால் அறியப்பட்ட இவருக்கு, மக்களின் பேச்சுத் தமிழோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பைத் தந்தவை இத்தகைய சிற்றூர் ஆண்டுகளே.

சாதிச் சிக்கல்

பண்டாரசாமி முறையும் சாதிப் பிரிவினையை நீக்கவில்லை. தாழ்த்தப்பட்ட கிறித்தவர் நோயுற்றால் குரு அவர்தம் வீட்டினுள் செல்லாமல், நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து திருவருட்சாதனங்களை வழங்கும் வழக்கம் இருந்தது. 1704 இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் வெளியிட்ட ஆணை இவ்வழக்கத்தைக் கண்டித்தது. 1744 இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இச்சிக்கல் குறித்து இறுதி ஆணையை வெளியிட்டார். அதன் பின்னர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனத் தனியாகக் குருக்கள் அமர்த்தப்பட்டனர். ஒரே சமயத்தைச் சேர்ந்த இரு மறைப்பணியாளர்கள் வழியில் சந்தித்தாலும் ஒன்றாக அமர்ந்து உண்ண இயலாத நிலை இதனால் உருவாயிற்று.

1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் மதுரை மறைப்பணி நலிவுற்றது. மீண்டும் நிறுவப்பட்ட சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1838 இல் புதிய மதுரை மறைப்பணியைத் தொடங்கினர். அவர்களுள் பலர் வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே காலரா முதலிய நோய்களால் இளவயதில் இறந்தனர்.

கூடார மறைப்பணி

பின்புலம்

திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்தத் திருச்சபை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் வேரூன்றியது. 1820 இல் இரேனியஸ் வந்த பின்னர் அது வேகமாக வளர்ந்தது. எனினும் அவ்வளர்ச்சி பெரும்பாலும் தெற்கே, பனை மரங்கள் நிறைந்த செம்மணற் பகுதிகளிலேயே நிகழ்ந்தது. அங்கு கோயில், பள்ளி, மறைப்பணியாளர் இல்லம் ஆகியவற்றைக் கொண்ட கிறித்தவக் குடியிருப்புகள் எழுந்தன. வடக்கிலிருந்த கரிசல் ஊர்கள் பெரும்பாலும் தொடப்படாமலேயே இருந்தன.

இராக்லாந்து

தாமஸ் கஜெட்டன் இராக்லாந்து 1815 இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, உறவினரால் வளர்க்கப்பட்டார். லிவர்பூலில் தம் மாமனின் வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்த பின்னரே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். 1841 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அக்கல்லூரியின் ஆய்வாளர் குழுவில் இடம் பெற்றார்.

1846 இன் தொடக்கத்தில் சி. எம். எஸ். எனப்படும் திருச்சபை மறைப்பணிச் சங்கத்தின் செயலாளராகச் சென்னைக்கு வந்தார். கணக்கு, கடிதம், சங்கக் கூட்டம் ஆகியவற்றில் கழிந்த சில ஆண்டுகளில் திருநெல்வேலிக்குச் சென்று அங்குள்ள நிலைமையையும் நேரில் கண்டறிந்தார். நிலையான இல்லங்களில் வாழும் மறைப்பணியாளர், ஏற்கனவே கிறித்தவரானோரைக் கவனிப்பதிலேயே தம் காலம் முழுவதையும் செலவிட நேர்வதை அவர் கண்டார். ஆகவே நிலையமே இல்லாத ஒரு பணியை அவர் திட்டமிட்டார்.

டேவிட் ஃபென், ஆர். ஆர். மெடோஸ் ஆகிய இரு இளம் மறைப்பணியாளர்களுடன் 1854 இல் வடதிருநெல்வேலி சுற்றுப்பயண மறைப்பணி தொடங்கப்பட்டது. சிவகாசி, சாத்தூர் ஆகியவற்றை உள்ளிட்ட, கோவில்பட்டிக்கு வடக்கேயுள்ள கரிசல் நாடு இதன் முதன்மைக் களமாகும். ஃபென்னின் தந்தையாகிய ஜோசப் ஃபென் முன்னர் கோட்டயத்தில் பணியாற்றியவர்.

அன்றாட ஒழுங்கு

இப்பணியாளர்களுக்குக் கூடாரமே வீடாக இருந்தது. ஊருக்கு வெளியே, தோப்போ மர நிழலோ நீரோ உள்ள இடத்தில் கூடாரம் அடிக்கப்படும். சுற்றிலுமுள்ள கிராமங்கள் அனைத்தையும் பார்த்து முடித்ததும் கூடாரம் பிரிக்கப்பட்டு, மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு, அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லப்படும்.

நாளின் ஒழுங்கை வெயிலே வகுத்தது. விடியற்காலையில் புறப்பட்டுக் கிராமத்தை அடைந்து, சாவடியிலோ மரத்தடியிலோ கூடுவோரிடம் பேசுவர். வேளாண் குடிகள் காட்டு வேலைக்குச் செல்லுமுன் கிடைக்கும் நேரம் சிறிதே. வெயில் ஏறியதும் கூடாரத்திற்குத் திரும்புவர். நண்பகல் முழுவதும் கூடாரத்தினுள்ளேயே கழியும். துணிக் கூரையின் கீழ் வெப்பம் தாங்குதற்கரியதாக இருந்தது. தமிழ்ப் பயிற்சி, கடிதம் எழுதுதல், வேதாகமம் படித்தல், காண வந்தோருடன் உரையாடுதல் ஆகியன அந்நேரத்திற்குரியவை. மாலையில் வெயில் தணிந்த பின் மீண்டும் மற்றொரு கிராமத்திற்குச் செல்வர்.

கூடாரம் ஊருக்கும் சேரிக்கும் வெளியே அமைந்தது. பண்டாரசாமியைப் போன்று இவர்கள் உள்ளூர்த் துறவி வேடத்தை மேற்கொள்ளவில்லை. தெற்கத்திய நிலையங்களைப் போன்று பெரிய வீடுகளிலும் வாழவில்லை. எனினும் கூடாரமும் வண்டியும் வேலையாள்களும் கொண்ட வெள்ளைக்காரர் ஒருவர் சிற்றூருக்கு வந்தால், அவரை அரசு அலுவலராகக் கருதுவது அக்காலத்தில் இயல்பே. வரி தண்டவும் நிலம் அளக்கவும் வந்த அலுவலரும் கூடாரத்திலேயே தங்கினர்.

தமிழ் உபதேசியார்கள்

இப்பணியின் தனிச்சிறப்பு உபதேசியார்களை அமர்த்திய முறையாகும். தெற்கிலிருந்த திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசியார்களை முறை வைத்து ஒவ்வொரு மாதமாக வடக்கிற்கு அனுப்பின. அவர்களுக்கான செலவை அச்சபைகளின் மக்களே ஏற்றனர். ஒரு தலைமுறைக்கு முன் தாமே மறைப்பணியாளரின் உதவியை நாடியிருந்த எளிய பனைத்தொழிலாளர் பலர், இப்போது தம் காணிக்கையால் பிறர் ஊருக்கு ஆளனுப்பும் நிலையை அடைந்தனர்.

கரிசல் மக்களின் பேச்சு, உறவுமுறை, நில வழக்கம் ஆகியவை கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளைக் காட்டிலும் இவர்களுக்கு நன்கு விளங்கின. கேட்போரின் வினாக்களுக்கு உடனுக்குடன் விடை கூறியோரும் இவர்களே. பிற்காலத்தில் சென்னையில் புகழ்பெற்ற போதகராக விளங்கிய டபிள்யூ. டி. சத்தியநாதன் இம்மறைப்பணியில் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் ஆவார். எனினும் முறை வைத்து வந்து சென்ற பெரும்பாலான உபதேசியார்களின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.

இராக்லாந்தின் மறைவு

இராக்லாந்தின் நுரையீரல் முன்னரே நோயுற்றிருந்தது. இந்நிலையிலும் அவர் கூடார வாழ்க்கையைக் கைவிடவில்லை. 1858 அக்டோபர் 22 ஆம் நாள் சிவகாசியில் நுரையீரலில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் தமது 43 ஆம் வயதில் காலமானார். பணி தொடங்கி நான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. அக்காலத்திற்குள் இப்பகுதியில் கிறித்தவரானோர் மிகச் சிலரே.

அவரது வாழ்க்கை வரலாற்றைத் தாமஸ் தாமசன் பெரோன் 1861 இல் வெளியிட்டார். டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1922 இல் மற்றொரு வரலாற்று நூலை எழுதினார்.

நிலையங்களின் தோற்றம்

கூடாரத்தால் மட்டும் பணியைத் தொடர முடியவில்லை. திருமுழுக்குப் பெற்றோருக்கு வழிபாட்டிடம் தேவைப்பட்டது. அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. ஊரால் ஒதுக்கப்பட்டோருக்குக் குடியிருக்க இடம் தேவைப்பட்டது. இதனால் சிவகாசிக்கு அருகில் சாட்சியாபுரம் போன்ற நிலையங்கள் உருவாயின. கிழக்கே நாகலாபுரம் பகுதியில் எஸ். பி. ஜி. எனப்படும் நற்செய்திப் பரப்புச் சங்கத்தினர் பணியாற்றினர்.

நிலையத்தில் வாழ்ந்த மறைப்பணியாளரின் நாள் வேறு வகையானது. பள்ளிகளைப் பார்வையிடல், உபதேசியார்களுக்குச் சம்பளம் வழங்கல், கட்டட வேலைகளைக் கவனித்தல், கட்சிச் சண்டைகளைத் தீர்த்தல், மருந்து கொடுத்தல், சங்கத்திற்கு அறிக்கை எழுதுதல் ஆகியவற்றில் பொழுது கழிந்தது. மறைப்பணியாளரின் மனைவியர் பெண்களுக்கான பள்ளிகளையும் தையல் வகுப்புகளையும் பல ஊர்களில் நடத்தினர். இராக்லாந்து தவிர்க்க விரும்பிய நிலைய வாழ்க்கையே இவ்வாறு அவரது களத்திலும் நிலைபெற்றது.

தாது வருடப் பஞ்சம்

1876 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதனைத் தொடர்ந்து 1878 வரை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் கொடிய பஞ்சம் நிலவியது. இது தாது ஆண்டில் தொடங்கியமையால் தாது வருடப் பஞ்சம் எனப்படுகின்றது. மானாவாரி நிலமாகிய கரிசல் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மாடுகள் மடிந்தன, விதைத் தானியமும் உண்ணப்பட்டது. கூலி மக்கள் பலர் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர்.

மறைப்பணியாளரின் அன்றாட வேலை இதனால் முற்றிலும் மாறியது. எவருக்கு எவ்வளவு தானியம் என்று பட்டியல் இடுதல், கஞ்சி வழங்குதல், இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடையைப் பகிர்தல், அனாதைக் குழந்தைகளுக்கு இடம் தேடுதல் ஆகியன முதன்மை பெற்றன. 1877 இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட இராபர்ட் கால்டுவெல் இத்துயர்தணிப்புப் பணியில் ஈடுபட்டார். செம்மணற் பகுதியிலுள்ள நாசரேத்தில் ஆர்தர் மர்காஷிஸ் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் தொழிற்பயிற்சியும் ஏற்படுத்தினார்.

1877 - 78 இல் ஓராண்டுக்குள் திருநெல்வேலியின் எஸ். பி. ஜி. சபைகளில் மட்டும் 16,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்ந்தனர். நாற்பது ஆண்டுப் பேச்சு செய்யாததை ஒரு பஞ்சம் செய்தது. இவர்கள் உணவுக்காகவே சேர்ந்தனர் என்னும் குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 'அரிசிக் கிறித்தவர்' என்னும் ஏளனச் சொல்லும் வழங்கியது. துயரில் உதவியோர் யார் என்பதைக் கண்டே மக்கள் முடிவெடுத்தனர் என்பது மறைப்பணியாளர் தரப்பின் விளக்கம். பஞ்சம் நீங்கிய பின் ஒரு பகுதியினர் விலகினர், மற்றவர்கள் நிலைத்திருந்தனர்.

பிற்காலம்

இருப்புப்பாதை வந்த பின்னர் பல நாள் வண்டிப் பயணம் சில மணி நேரமாகக் குறைந்தது. பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டி, சாத்தூர் ஊர்களை எளிதில் அடைய முடிந்தது. இருப்பினும் நிலையத்திலிருந்து உட்கிராமங்களுக்குச் செல்ல மாட்டு வண்டியே 20 ஆம் நூற்றாண்டிலும் பயன்பட்டது.

1903 இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மறைப்பணிச் சங்கம் நிறுவப்பட்டது. இதன் நிறுவுநருள் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. தமிழ்க் கிறித்தவரின் பொருளாலும் ஆளாலும் நடைபெற்ற இச்சங்கம் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு மறைப்பணியாளரை அனுப்பியது. அயல்மொழி கற்றல், பழகாத உணவு, காய்ச்சல், தனிமை என ஐரோப்பியர் கரிசலில் கண்ட அனைத்தையும் இத்தமிழர்கள் அங்கு கண்டனர்.

1947 செப்டம்பர் 27 இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. விடுதலைக்குப் பின் அயல்நாட்டு மறைப்பணியாளருக்கு நுழைவிசைவு வழங்குதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இப்பகுதியின் சபைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியன உள்ளூர்த் தலைமையின் கீழ் வந்தன. 2003 இல் திருநெல்வேலித் திருமண்டிலத்திலிருந்து தூத்துக்குடி - நாசரேத் திருமண்டிலம் பிரிக்கப்பட்டது.

மதிப்பீடு

கரிசல் பகுதியின் அயல்நாட்டு மறைப்பணியாளர் குறித்து முரண்பட்ட கருத்துகள் நிலவுகின்றன. கல்வி, மருத்துவம், தமிழ் உரைநடை, அகராதி ஆகியவற்றிற்கு அவர்கள் ஆற்றிய பங்கு பரவலாக ஏற்கப்படுகின்றது. குடியேற்ற ஆட்சியின் நிழலில் அவர்கள் பெற்ற பாதுகாப்பு, உள்ளூர் வழிபாட்டைத் தாழ்த்திப் பேசியமை, மதமாற்றத்தால் ஊர்களில் எழுந்த பிளவு ஆகியன குறைகளாகச் சுட்டப்படுகின்றன.

வாழ்க்கை முறையைப் பொறுத்தவரை மூன்று வழிகளும் வெவ்வேறு விலையைக் கேட்டன. பண்டாரசாமியின் குடிசை மக்களின் பண்பாட்டுக்கு நெருக்கமானது. ஆயினும் சாதிச் சுவரை ஏற்றுக்கொண்டது. கூடாரம் எவரும் அணுகக்கூடியதாக இருந்தது. ஆயினும் எவ்வூரிலும் வேரூன்றவில்லை, உடல்நலத்தையும் கெடுத்தது. நிலைய இல்லம் பள்ளியையும் மருந்தையும் தந்தது. ஆயினும் மறைப்பணியாளரை முதலாளியின் நிலைக்கு உயர்த்தியது. மூன்று காலங்களிலும் மாறாதிருந்தது உள்ளூர் உபதேசியாரின் உழைப்பாகும். அயல்நாட்டவர் மாறி வந்து மாறிச் சென்ற இந்நிலத்தில் மக்களின் இறப்பிலும் பிறப்பிலும் பஞ்சத்திலும் உடனிருந்தவர் அவரே.

இவற்றையும் பார்க்க

வீரமாமுனிவர்
காமநாயக்கன்பட்டி
இராபர்ட் கால்டுவெல்
தாது வருடப் பஞ்சம்
ஏமி கார்மைக்கேல்